பந்து ஏன் லிப்ட்ல இறங்குற மாதிரி விழுது? அனிமேசன் படிக்கத் தொடங்குற ஆக்களுக்கு

அனிமேசன் படிக்கவேணும், எந்த சொப்ட்வெயார் நல்லம்? எங்களிட்ட வாற பிள்ளையளும் சரி, கூட்டிக்கொண்டு வாற அம்மாமாரும் சரி, முதல் கேக்கிறது இதைத்தான். நான் உடன மறுமொழி சொல்லுறேல்ல. மேசையில ஒரு ரெனிஸ் போல் எப்பவும் கிடக்கும், அதை எடுத்துக் குடுத்து, தம்பி இதை நெஞ்சு உயரத்தில பிடிச்சுக் கைவிடு, விழுறதை வடிவாப் பார், பாத்திட்டு பந்து இல்லாம கையால மட்டும் எனக்கு அதைச் செய்து காட்டு எண்டு சொல்லுவன். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையளும் கையை மேல இருந்து கீழ ஒரே வேகத்தில கொண்டு வருவினம். திருப்பிப் பந்தை விட்டுப் பாக்கச் சொன்னா நாலாந்தரம் அஞ்சாந்தரம் போலதான் முகம் மாறும். "அக்கா, தொடங்கேக்க மெல்லமா வந்து கீழ போகப் போகக் கெதியாப் போகுது." இதைக் கண்ட பிள்ளை அனிமேசன் படிக்கத் தொடங்கிட்டுது. கொம்பியூட்டரை நாங்கள் இன்னும் ஒன் பண்ணவே இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில சனிக்கிழமை பின்னேரங்களில இதைச் சொல்லிக்குடுக்கிறன். வாசிகசாலைக்குப் பின்பக்க அறை, வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனம் காசு சேர்த்து வாங்கித் தந்த பழைய லப்டொப் ஆறு, ஏழாம் ஆண்டில இருந்து பதினொராம் ஆண்டு வரைக்கும் பன்னிரண்டு பதின்மூண்டு பிள்ளையள், ரியூசன் இல்லாத கிழமையில கொஞ்சம் கூட வருவினம். நோட்ஸ் குடுக்கிறேல்ல, எல்லாம் புறொஜெக்ட் தான், ஒரு சின்னச் சாமானை எடுத்து அதை முடிக்கிறது, பிறகு அடுத்தது. அந்தப் புறொஜெக்ட்டுகளை வைச்சே அனிமேசன் எண்டா என்னெண்டு ஒண்டும் தெரியாத ஆளுக்கும் விளங்குற மாதிரி இதில எழுதுறன். ஒரு பென்சிலும் ஒரு சதுர றூள் கொப்பியும் பக்கத்தில இருந்தா நல்லம், வாசிச்சுக்கொண்டே கீறிப் பாக்கலாம்.

முதல் ஒண்டு விளங்கோணும். திரையில ஒண்டும் அசையிறேல்ல. ஒரு படம் வருது, அது போகுது, கொஞ்சம் மாறின அடுத்த படம் வருது, அவ்வளவுதான், அசைவு எங்கட மண்டைக்குள்ளதான் நடக்குது. சினிமாவில ஒரு செக்கனுக்கு 24 படம், எங்கட நாட்டு ரீவியில 25. அந்த ஒவ்வொரு படத்தையும் பிரேம் எண்டு சொல்லுவினம். கையால கீறுற அனிமேசனில கனபேர் ஒரு கீறலை ரெண்டு பிரேமுக்கு அப்பிடியே பிடிச்சு வைச்சிருப்பினம், அப்ப செக்கனுக்கு 12 கீறல் காணும், கண் அதை ஏத்துக்கொள்ளும். வகுப்பில நாங்கள் எல்லாத்தையும் 12 இலதான் கணக்குப் பாக்கிறது. வேலை அரைவாசி, அதோட 12 ஐ ரெண்டாலயும் மூண்டாலயும் நாலாலயும் பிரிக்கலாம், பிள்ளையளுக்கு மனக்கணக்கு லேசு.

இதுக்குக் கொம்பியூட்டர் தேவையே இல்லை எண்டதுக்கு ஒரு சின்னச் சரித்திரம். 1832 இல பெல்ஜியத்தில ஜோசப் பிளாட்டோ எண்டவர் ஒரு வட்ட மட்டையில சுத்திவரப் படங்களைக் கீறி, இடையில துவாரம் வெட்டி, அதைக் கண்ணாடிக்கு முன்னால சுத்தித் துவாரத்துக்குள்ளால பாத்தவர், படம் ஆடினது. 1868 இல இங்கிலாந்தில ஜோன் பார்ன்ஸ் லினெட் எண்டவர் கொப்பியைப் பெருவிரலால புரட்டி அசைவு காட்டுற முறைக்குக் காப்புரிமை எடுத்தவர். நாங்கள் சின்னனில படிக்கேக்க பாடப் புத்தக ஓரத்தில கீறிப் புரட்டி விளையாடின அதே சாமான்தான்.

அதாலதான் முதல் புறொஜெக்ட் கொப்பி ஓரம். ஒவ்வொரு பிள்ளையும் 24 பக்கம், அதாவது ரெண்டு செக்கன். பென்சிலைக் கொஞ்சம் அமத்திக் கீறினா அடுத்த பக்கத்தில தடம் விழும், அந்தத் தடத்தைப் பாத்து கொஞ்சம் தள்ளி அடுத்ததைக் கீறுறது. பிறகு கொம்பியூட்டரில ஒனியன் ஸ்கின் எண்டு ஒரு பட்டன் வரும், முன்னைய கீறல் மங்கலா அடியில தெரியும், அது இந்தத் தடம்தான். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான, மற்றப் பக்கம் தெரியுற கடதாசியில முந்திக் கீறினதால வந்த பேர். கொப்பியில செய்து பாத்த பிள்ளைக்கு அந்தப் பட்டனை விளங்கப்படுத்தத் தேவையில்லை, தானாவே "ஓ தடம்" எண்டு சொல்லும்.

இந்தப் புறொஜெக்ட்டில ஒருக்கா எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டு கண் சிமிட்டுறதைக் கீறினது. மற்றவை எல்லாரும் குதிரை, மோட்டச்சைக்கிள், சண்டை எண்டு நிக்க இவ 24 பக்கத்தில 20 பக்கம் திறந்த கண்ணையே திருப்பித் திருப்பிக் கீறினவ, மிச்ச நாலு பக்கத்திலதான் இமை மூடித் திறந்தது. புரட்டிப் பாத்தா உண்மையான ஆள் எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிற மாதிரி இருந்திச்சு. அசையாம நிக்கிறதையும் கீறத்தான் வேணும், அந்த நிலை இருக்கிறதாலதான் சிமிட்டல் தெரியுது.

இப்ப பந்துக்கு வருவம். என்ர வகுப்பில கனநேரம் செலவழியிறது இதுக்குத்தான், இதை நான் குறைக்கவும் மாட்டன். ஸ்கிரச் எண்டு ஒரு சொப்ட்வெயார் இருக்கு, கட்டளை எழுதின நிறப் புளொக்குகளை ஒண்டோட ஒண்டு கொழுவி வேலை செய்யிறது, அமெரிக்காவில எம்.ஐ.ரி எண்ட பல்கலைக்கழகத்தில செய்து 2007 இல வெளியவிட்டது, இலவசம், நெற் இல்லாமலும் வேலை செய்யும். அதின்ர மேடை, அதாவது படம் ஓடுற இடம், 480 அகலம், 360 உயரம். நடு மத்தி பூச்சியம், மேல் விளிம்பு 180, கீழ் விளிம்பு சய 180, அதாவது -180. கணித பாடத்தில ஆள்கூற்றுத் தளம் படிச்ச பிள்ளைக்கு இது பழக்கமான இடம்.

ஒரு வட்டம் கீறி அதை 150 இல வைச்சு சய 150 க்கு விழுத்தவேணும். மொத்தம் 300. அஞ்சு தாவல்ல விழுத்துவம். பிள்ளையள் முதல் செய்யிறது 300 ஐ அஞ்சாப் பிரிச்சு ஒவ்வொரு தாவலுக்கும் 60: அப்ப பந்து 150, 90, 30, சய 30, சய 90, சய 150 எண்டு வரும். நீலப் புளொக்கில இடத்தைக் குடுத்து, ஒவ்வொண்டுக்கும் இடையில 0.08 செக்கன் பொறு எண்டு செம்மஞ்சள் புளொக் போட்டு, பச்சைக் கொடியை அமத்தினா பந்து கீழ வரும். வரும், ஆனா விழாது. ஒரு பெடியன் பாத்திட்டுச் சொன்ன சொல்லு இப்ப எங்கட வகுப்பில பழமொழி மாதிரி ஆகிட்டுது, "அக்கா இது லிப்ட்ல இறங்குது."

இப்ப அதே 300, அதே அஞ்சு தாவல், அதே நேரம். இடைவெளியை மட்டும் மாத்துவம். 1, 3, 5, 7, 9 எண்டு எடுங்கோ, கூட்டினா 25. 300 ஐ 25 ஆல பிரிச்சா 12. அப்ப இடைவெளியள் 12, 36, 60, 84, 108. பந்து நிக்கிற இடங்கள் 150, 138, 102, 42, சய 42, சய 150. இதைப் போட்டுக் கொடியை அமத்தினா அறைக்குள்ள சத்தம் கேக்கும், ஏனெண்டா பந்து விழுது. உண்மையா விழுது. கீறல் ஒண்டும் மாறேல்ல, எத்தினை படம் எண்டதும் மாறேல்ல, படத்துக்கும் படத்துக்கும் இடையில இருக்கிற வெறும் இடம்தான் மாறினது. இதுக்கு ஸ்பேசிங் எண்டு பேர், தமிழில இடைவெளி எண்டே நாங்கள் சொல்லுறம். எத்தினை படத்தில ஒரு வேலை முடியுது எண்டது ரைமிங். இந்த ரெண்டும்தான் அனிமேசன், மிச்சமெல்லாம் இதுக்கு மேல கட்டுறது எண்டு நான் நம்புறன்.

ஏன் 1, 3, 5, 7, 9 எண்டா அது பூமி இழுக்கிற விதம். நானூறு வருசத்துக்கு முன்னம் கலிலியோ கண்டுபிடிச்சவர், கைவிட்ட சாமான் சமமான நேரத்துக்கு நேரம் விழுற தூரம் இந்த ஒற்றை எண் கணக்கிலதான் கூடும் எண்டு. சதுர றூள் கொப்பியில 25 சதுரம் எண்ணி ஒரு, மூண்டு, அஞ்சு, ஏழு, ஒன்பது எண்டு புள்ளி வைச்சுப் பாருங்கோ, கணக்குத் தெரியாத சின்னப் பிள்ளையும் அந்தப் புள்ளியளைப் பாத்தே "விழுது" எண்டு சொல்லும்.

துள்ளி எழும்புறது இன்னும் வடிவு. அதே இடைவெளியளைத் தலைகீழா வைக்கவேணும், ஆனா ஆகப் பெரிய இடைவெளியை வீசிப்போட்டு. அதாவது 9 போயிட்டுது, 7, 5, 3, 1 எண்டு மேல ஏறும்: 84, 60, 36, 12, மொத்தம் 192. பிறகு 12, 36, 60, 84 எண்டு இறங்கும். அடுத்த துள்ளலுக்கு 7 உம் போகும், மொத்தம் 108, பிறகு 48, பிறகு 12, பிறகு உருண்டு நிக்கவேண்டியதுதான். போட்டிகளுக்கு எடுக்கிற ரெனிஸ் போலை 254 சென்ரிமீட்டரில இருந்து விட்டா 135 இல இருந்து 147 சென்ரிமீட்டர் வரைக்கும் துள்ளவேணும் எண்டு ஒரு விதி இருக்கு, அரைவாசிக்குக் கொஞ்சம் கூட. எங்கட கணக்கில முதல் துள்ளல் அதைவிடக் கொஞ்சம் கூடப் போகுது, ஆனா கண் அதைக் குறை சொல்லாது. மேல உச்சியில பாருங்கோ, இடைவெளி சின்னனா இருக்கிறதால படங்கள் ஒண்டுக்குக் கிட்ட ஒண்டு நெருங்கி நிக்கும், பந்து ஒரு கணம் அந்தரத்தில தங்கிற மாதிரி இருக்கும். ஊஞ்சலும் அப்பிடித்தான், ரெண்டு பக்க உச்சியிலயும் தங்கி நடுவில பாஞ்சு போகும்.

அடுத்த கேள்வி, பாரமான சாமான் எண்டா? வட்டத்துக்குப் பனங்காயின்ர நிறத்தைக் குடுத்து அதை விழுத்தச் சொல்லுவன். உடன எல்லாரும் படங்களைக் குறைச்சுக் கெதியா விழுத்துவினம், பாரமெல்லோ எண்டு. அது பிழை. பனங்காயும் பந்தும் ஒரே உயரத்தில இருந்து ஒரே நேரத்திலதான் விழும், நெஞ்சு உயரம் எண்டா ரெண்டுக்கும் கிட்டத்தட்ட அரைச் செக்கன், எங்கட கணக்கில 6 படம். பாரம் தெரியிறது விழேக்க இல்லை, விழுந்த பிறகு. பந்து துள்ளும், பனங்காய் தொம் எண்டு விழுந்து அந்த இடத்திலயே ஒருக்கா அரக்கி நிண்டிடும். விழுற அஞ்சு தாவலும் ரெண்டுக்கும் ஒண்டுதான், பிறகு வாற நாலு படம்தான் எது பந்து எது பனங்காய் எண்டு சொல்லும். ஒரு பிள்ளை ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில விட்டுச் செய்த புறொஜெக்ட்டை நான் இன்னும் புதுப் பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டுறன், வெறும் ரெண்டு வட்டம், ஆனா பாத்தா கையில எடுத்து நிறுத்துப் பாத்த மாதிரி இருக்கும்.

பந்து நிலத்தில படுற அந்த ஒரு படத்தில அதைக் கொஞ்சம் சப்பையாக்கிறது எண்டு ஒரு முறை இருக்கு. டிஸ்னியில கனகாலம் வேலை செய்த பிராங்க் தோமஸ், ஒலி ஜோன்ஸ்ரன் எண்ட ரெண்டு பேர் 1981 இல அனிமேசனுக்கு 12 அடிப்படை எண்டு எழுதி வைச்சதில இதுதான் முதலாவது. ஒரு கவனம் மட்டும், உயரத்தில குறையிறது அகலத்தில கூடோணும், பந்துக்குள்ள இருக்கிற காத்து எங்கயும் போகாதெல்லோ. பிள்ளையளுக்கு இது சரியான விருப்பம், அளவு மிஞ்சி எல்லாப் பந்தும் தண்ணி நிரப்பின பலூன் மாதிரி ஆகிடும். ஒரு படத்துக்கு மட்டும் செய், அடுத்த படத்தில வட்டமாக்கு எண்டு சொல்லுறது.

இனி கொம்பியூட்டர் என்ன உதவி செய்யுது எண்டு பாப்பம். முந்திப் பெரிய ஸ்ரூடியோக்களில மூத்த ஓவியர் ஒரு அசைவின்ர முக்கியமான நிலைகளை மட்டும் கீறுவார், கை மேல நிக்கிற நிலை, கை கீழ வந்த நிலை எண்டு. அதுக்குக் கீ பிரேம் எண்டு பேர். நடுவில வாற படங்களை உதவியாளர் இருந்து கீறுவினம். 1970 ஐ அண்டின காலத்தில கனடாவில தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில நெஸ்ரர் பேர்ட்னிக், மார்செலி வைன் எண்ட ரெண்டு பேர் அந்த உதவியாளற்ற வேலையைக் கொம்பியூட்டரிட்டக் குடுத்துப் பாத்தவை. இண்டைக்கு எங்கட பிள்ளையள் பாவிக்கிற எல்லா சொப்ட்வெயாரிலயும் இருக்கிற முறை அதுதான். நீங்கள் முதல் நிலையையும் கடைசி நிலையையும் குடுத்தா நடுவில வாறதை அது கணக்குப் பாத்துப் போடும்.

ஆனா பந்து எண்டா என்ன, இமை எண்டா என்ன எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியாது. ரெண்டு எண்ணுக்கு நடுவில இருக்கிற எண்ணை மட்டும்தான் அது தரும். ஸ்கிரச்சில வழுக்கிப் போ எண்ட புளொக்கைப் போட்டா ஒரே சீரான இடைவெளியில கொண்டுபோகும், திருப்பியும் லிப்ட். பிளெண்டர் எண்ட சொப்ட்வெயாரில வேற விதமான பிழை வரும். அதில ரெண்டு கீ பிரேம் வைச்சா அது தன்ர பாட்டில தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்கிப் போடும். கை அசைக்கிறதுக்கு, தலை திருப்புறதுக்கு அது நல்ல வடிவா இருக்கும். பந்துக்கு அதைப் போட்டா நிலத்துக்குக் கிட்ட வரேக்க பந்து வேகம் குறைஞ்சு பஞ்சு மெத்தையில இருக்கிற மாதிரி மெல்ல வந்து குந்தும். முதல் தரம் பிளெண்டர் தொடுற எல்லாரும் இந்த இடத்தில மாட்டுவினம். அசைவை ஒரு வளைகோடாக் காட்டுற கிராப் எடிட்டரைத் திறந்து நிலத்தில படுற கீயைத் தெரிவு செய்து, வீ எழுத்தை அமத்தி வெக்டர் எண்டதைத் தட்டினா அந்த வளைவு கூராகும், பந்து அடிச்சு எழும்பும். ஆனா எங்க கூராக்கோணும் எண்டு தெரியிறது பந்தைக் கையால விட்டுப் பாத்த பிள்ளைக்குத்தான்.

மூண்டாவது புறொஜெக்ட் துலா, கிணத்தில தண்ணி அள்ளுற நீட்டு மரம். எங்கட கிணறுகளுக்கெல்லாம் இப்ப மோட்டர் வந்திட்டுது, கன பிள்ளையள் துலாவை அம்மம்மா வீட்டிலயோ கோயில் கிணத்தடியிலயோதான் கண்டிருக்கினம். நான் இதை எடுத்ததுக்குக் காரணம், ஒண்டோட ஒண்டு கொழுவின சாமான்கள் எப்பிடி அசையும் எண்டதை இதைவிட வடிவாக் காட்ட எனக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்ல. துலாவைத் தாங்கிற ஆடுகால் அசையாது. துலா அதில ஒரு புள்ளியில சுத்தும். துலா நுனியில கயிறு, கயிறு நுனியில வாளி.

முதல் பாடம் சுத்துற புள்ளி. ஸ்கிரச்சில ஒரு படத்தைத் திருப்பினா அது கீறுற பலகையின்ர நடுவில இருக்கிற சின்னக் குறியைச் சுத்தித்தான் திரும்பும். பிள்ளையள் துலாவை நடுவில வைச்சுக் கீறுவினம், அது காத்தாடி மாதிரிச் சுத்தும். துலாவைத் தள்ளி, ஆடுகாலில கொழுவுற இடம் அந்தக் குறிக்கு நேர வாற மாதிரி வைச்சா சரி. முழங்கை, முழங்கால், கதவுப் பிணைச்சல், எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ரெண்டாவது, கொழுவிறது. பிளெண்டரில ஒரு சாமானை இன்னொண்டுக்குப் பிள்ளையாக்கலாம், தாய் போற இடமெல்லாம் பிள்ளை போகும். வாளியைத் துலாவுக்குப் பிள்ளையாக்கிறம். துலா எழும்பினா வாளியும் எழும்புது, சந்தோசம், ஆனா துலா சரிய வாளியும் சரியுது, தண்ணியெல்லாம் ஊத்துண்டு போயிடும். தாயின்ர இடத்தை மட்டும் எடு, சரிவை எடுக்காதை எண்டு சொல்ல வேற ஒரு வழி இருக்கு, அதை நான் உடன சொல்லிக்குடுக்கிறேல்ல, பிள்ளையள் வாளி சரியிறதைக் கண்டு "அக்கா தண்ணி ஊத்துது" எண்டு ஓடி வந்தாப் பிறகுதான் சொல்லுறது. கண்ட பிழைக்குச் சொல்லுற மறுமொழி மறக்காது. லப்டொப் கிடைக்காத பிள்ளையள் மட்டையில துலாவை வெட்டிக் குண்டூசி குத்தி, போனை ஒரு கதிரையில நிமித்திக் கட்டி வைச்சு, கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு அசைச்சுப் படம் எடுத்துச் செய்வினம், அதில வாளி தன்ர பாட்டில நேராத் தொங்கும், பூமியே அந்த வேலையைச் செய்யுது.

பட்டத்தின்ர வால் தைப்பொங்கல் காலத்தில செய்யிறது, வல்வெட்டித்துறையில பட்டப்போட்டி நடக்கிற நாள்களில பிள்ளையளின்ர தலை முழுக்க அதுதான் எண்டதால நானும் அதையே எடுத்திடுவன். வாலை நாலு துண்டாப் பிரியுங்கோ. பட்டம் இடப்பக்கம் சாயுது. முதல் துண்டு அதோடயே சாயும், ரெண்டாம் துண்டு ஒரு படம் பிந்திச் சாயும், மூண்டாம் துண்டு ரெண்டு படம் பிந்தி, நாலாம் துண்டு மூண்டு படம் பிந்தி. எல்லாம் செய்யிறது ஒரே அசைவு, பிந்திச் செய்யுது, அவ்வளவுதான். முதல் துண்டின்ர கீயளை கொப்பி பண்ணி மற்றத் துண்டுகளுக்குப் போட்டு ஒவ்வொண்டையும் ஒரு படம் தள்ளி விட்டா வால் நெளியும். பின்னல், சேலைத் தலைப்பு, நாய் வால், காத்துக்கு ஆடுற பனையோலை, எல்லாம் இதுதான். பத்து நிமிசத்தில செய்து முடிச்சு அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருக்கிற புறொஜெக்ட் இது ஒண்டுதான்.

நடையைப் பற்றிக் கனக்க எழுதேல்ல. ஒரு சாதாரண நடைக்கு ஒரு எட்டு அரைச் செக்கன், காலூண்டுற நிலை, உடம்பு பதியிற நிலை, ஒரு கால் மற்றக் காலைக் கடக்கிற நிலை, எழும்புற நிலை எண்டு நாலு நிலையைக் கீறினா அடித்தளம் வந்திடும். ஆனா இது கஷ்டம், இதில தொடங்கி மனம் விட்டுப்போன பிள்ளையளைக் கண்டிருக்கிறன். பந்து, துலா, வால் மூண்டும் கைக்கு வந்தாப் பிறகு வாங்கோ, நடையில இந்த மூண்டும்தான் இருக்குது: பாரம் விழுறது, கால் ஒரு புள்ளியில சுத்துறது, கை பிந்தி வாறது.

சொப்ட்வெயார் கேள்விக்கும் மறுமொழி சொல்லிவிடுறன், கேட்டுக்கொண்டே இருப்பினம். ஸ்கிரச்சில தொடங்குங்கோ. கையால கீற விருப்பமெண்டா பென்சில் ரூடி அல்லது கிரித்தா. போன் மட்டும்தான் இருக்கெண்டா பிளிப்பாகிளிப் எண்ட அப். பிறகு பிளெண்டர். ஸ்கிரச், பென்சில் ரூடி, கிரித்தா, பிளெண்டர் நாலும் காசு குடுக்கத் தேவையில்லாதது, கள்ளக் கொப்பி தேடி வைரஸ் ஏத்திக்கொள்ளாதேங்கோ. 2025 இல முழுநீள அனிமேசன் படத்துக்கான ஒஸ்காரை எடுத்த லத்வியா நாட்டுப் படம் இந்த இலவச பிளெண்டரில செய்ததுதான். உண்மையான பந்தைப் பாக்கவேணுமெண்டா போனில மெதுவா எடுக்கிற வீடியோவில எடுத்து, வீ.எல்.சி பிளேயரில போட்டு ஈ எழுத்தை அமத்தினா ஒவ்வொரு படமாப் போகும், எண்ணலாம்.

இன்னொண்டு, சேவ் பண்ணுங்கோ. போன வருசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் டக்கெண்டு கரண்ட் போச்சு, பழைய லப்டொப், பற்றரி நிக்காது, ரெண்டு பெட்டையள் மூண்டு கிழமையா ஒரே பைலில செய்துகொண்டு வந்தது திறக்கேலாமப் போயிட்டுது. அவை அழேல்ல, பேசாம கொப்பியைப் பூட்டிப்போட்டுப் போனவை, அதுதான் எனக்கு இப்பவும் மனசில நிக்குது. அதுக்குப் பிறகு எங்கட வகுப்பில ஒரே பேரில ரெண்டுதரம் சேவ் பண்ணுறேல்ல, துலா 1, துலா 2, துலா 3 எண்டு போகும், வகுப்பு முடிய எல்லாம் பென்டிரைவில ஏறும்.

தவணை முடிவில எல்லாரும் சேர்ந்து ஒரு சின்னப் படம். முதல் கூட்டத்தில பிள்ளையள் அஞ்சு நிமிசப் படம் கேப்பினம், பேய்க் கதை, பொலிஸ் கதை. நான் கரும்பலகையில கணக்கை எழுதுவன். அஞ்சு நிமிசம் 300 செக்கன், 12 ஆல பெருக்கினா 3600 கீறல். பிறகு தாங்களாவே குறைச்சுக்கொண்டு வந்து 20 செக்கனில நிப்பினம்: 240 கீறல், ஆறு குழு, ஒரு குழுவுக்கு 40. அது ஏலும். கீறத் தொடங்க முன்னம் கதையை ஆறு கட்டத்தில பென்சிலால கீறி, அந்த ஆறையும் போனில படமெடுத்து, எந்தக் கட்டம் எத்தினை செக்கன் எண்டு ஓடவிட்டுப் பாக்கிறது. கதை பிழைச்சா அங்கயே தெரியும், 40 கீறல் கீறின பிறகு தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சுப் போகும்.

போனதரம் எடுத்த கதை கிணத்தடி. ஒரு அம்மம்மா துலாவால தண்ணி அள்ளுறா, ஒரு காகம் வந்து வாளி விளிம்பில இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போகுது. அவ்வளவுதான். வெறும் வாளி சர்ரெண்டு இறங்கும், தண்ணி நிறைஞ்ச வாளி பாரமெண்டதால அம்மம்மா மூச்சு வாங்கி இழுத்து இழுத்து மேல எடுப்பா. நல்லாக் கீறியிருந்தவை, இடைவெளியெல்லாம் கணக்கு, நானும் சரியெண்டுதான் விட்டனான். வாசிகசாலைச் சுவரில போட்டுக் காட்டேக்க ஒரு பிள்ளையின்ர அம்மம்மா முன்வரிசையில இருந்து பாத்தவ, முடியவிட்டு மெல்லமாக் கேட்டா, "ஏன் பிள்ளையள் மாறிச் செய்திருக்கிறியள்?"

எங்களுக்கு விளங்கேல்ல. அவ எழும்பி நிண்டு ரெண்டு கையாலயும் கயிறு பிடிச்ச மாதிரிக் காட்டினா. துலாவின்ர மற்ற நுனியில பாரம் கட்டியிருக்கும், அதால வெறும் வாளியை இறக்கத்தான் கஷ்டம், கைக்கு மேல கை வைச்சு, உடம்பைக் குடுத்து, விட்டு விட்டு இழுத்து இறக்கோணும். தண்ணி நிறைஞ்சாப் பிறகு துலாவே தூக்கித் தரும், கயிறை வழிநடத்தினாக் காணும். அதை அவ கதைச்சு விளங்கப்படுத்தேல்ல, கையாலயே செய்து காட்டினா, கீழ இழுக்கேக்க மூண்டு இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் பதிஞ்சு எழும்பிச்சு, மேல வரேக்க கை ஒண்டு மாறி ஒண்டு லேசா ஏறிச்சு. ஒன்பதாம் ஆண்டுப் பெடியன் ஒருத்தன் போனை எடுத்து, அம்மம்மா இன்னொருக்காச் செய்யுங்கோ எண்டு சொல்லி வீடியோ எடுத்தான். அடுத்த சனிக்கிழமை அந்த வீடியோவை ஒவ்வொரு படமா எண்ணி, இறக்கிறதை மூண்டு இழுப்பாப் பிரிச்சு, ஏத்திறதை ஒரே ஓட்டமாக்கி, 36 கீறலைத் திருப்பிக் கீறினவை.